கேம்பர் வேனில் கழற்றி மாட்டும் சீட்டுகளை இடம் மாற்றுவது எப்படி?

குடும்பத்தோடு போகிற கேம்பர் வேனில் ஒரே இடம்தான் பகலில் பயண இருக்கை, மாலையில் சாப்பிடும் இடம், இரவில் படுக்கை. அதற்காகத்தான் நடு வரிசை, பின் வரிசை சீட்டுகளைக் கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறார்கள். வேலை ஒன்றும் கடினமில்லை. முதல்முறை செய்பவரும் நிதானமாகச் செய்தால் முடித்துவிடலாம். ஆனால் வீட்டில் சோபாவை நகர்த்துவது போல நினைத்து இறங்கிவிடாதீர்கள். வண்டி ஓடும்போது உள்ளே இருப்பவரைப் பிடித்து வைத்திருப்பது அந்த சீட்தான். அதனால் என் முறை இது: யார் எங்கே பெல்ட் போட்டு உட்காரப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்வேன். படுக்கையும் பெட்டிகளும் மிச்சமிருக்கும் இடத்தில்தான்.

படி 1: உங்கள் சீட் எந்த வகை?

சீட்டின் அடியைக் குனிந்து பாருங்கள். தரையில் நீளவாக்கில் ரெயில் ஓடி, சீட் அதில் முன்னும் பின்னும் வழுக்கி நகர்ந்தால் அது ரெயில் வகை. தரையில் குழி போன்ற கொக்கித் துளைகள் இருந்து, சீட்டின் கால்கள் அவற்றில் மாட்டியிருந்தால் அது கொக்கி வகை. ஸ்பேனர் போட்டுக் கழற்ற வேண்டிய போல்ட் இருக்கிறதா? அப்படியானால் அது நினைத்தபோது கழற்றும் சீட் அல்ல. அந்த போல்ட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு உண்டு. அதை ஒர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து பெல்ட். சிலவற்றில் மூன்று முனை பெல்ட் சீட்டின் முதுகுப் பகுதியிலேயே இருக்கும். சீட் எங்கே போனாலும் பெல்ட்டும் கூடவே போகும். வேறு சிலவற்றில் பெல்ட்டின் மேல்முனை வண்டியின் பக்கத் தூணில் இருக்கும். இந்த இரண்டாவது வகையில் சீட்டை ஒரு சாண் நகர்த்தினாலும் பெல்ட் தோளை விட்டு விலகிக் கழுத்தில் ஏறலாம், அல்லது கைக்குக் கீழே இறங்கலாம். ஆகவே தூண் பெல்ட் இருக்கும் வண்டியில் அனுமதிக்கப்பட்ட இடம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்.

வண்டியின் கையேட்டில் எந்த சீட்டை எங்கே, எந்தத் திசையில் வைக்கலாம் என்று படம் இருக்கும். அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வையுங்கள். படத்தில் இல்லாத இடத்தில் சீட் உட்கார்ந்து லாக் ஆனாலும் அது பயணத்துக்கான இடம் அல்ல. பக்கவாட்டைப் பார்த்து உட்காரும் அமைப்பு வண்டி நிற்கும்போது அரட்டைக்கு நன்றாக இருக்கும், ஓடும்போது வேண்டாம். முன்னாலிருந்து மோதல் வந்தால் பெல்ட் உடலைக் குறுக்கே அழுத்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 அக்டோபர் முதல் புதிதாகப் பதிவாகும் கார் வகை வாகனங்களில் பக்கவாட்டுப் பயண இருக்கைகளுக்குத் தடையே இருக்கிறது.

படி 2: தாளில் போட்டுப் பாருங்கள்

வேனின் உட்புறத்தை ஒரு தாளில் கட்டமாக வரையுங்கள். ஸ்லைடிங் கதவு எந்தப் பக்கம், அலமாரி எங்கே, ரெயில் எதுவரை போகிறது என்று குறியுங்கள். பிறகு வீட்டில் மிகச் சின்னவரிலிருந்து ஆரம்பியுங்கள்.

சைல்டு சீட் போடுவதாக இருந்தால், வேனின் எல்லா சீட்டிலும் ஐசோஃபிக்ஸ் (சைல்டு சீட்டை நேரடியாக மாட்டும் கம்பிகள்) இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். முதுகும் அடிமெத்தையும் சேரும் இடுக்கில் விரல் விட்டுப் பாருங்கள். 6 மி.மீ. தடிமனில் இரண்டு இரும்புக் கம்பிகள், நடுவுக்கு நடு 280 மி.மீ. இடைவெளியில் தட்டுப்பட வேண்டும். உங்கள் சைல்டு சீட்டுக்கு முன்னால் ஊன்றுகால் உண்டென்றால், அது நிற்கும் தரை கெட்டியாக இருக்க வேண்டும். கேம்பர் வேனில் இது பலர் கவனிக்காத விஷயம்: தரைக்கடியில் சாமான் பெட்டி இருந்தால் அதன் மூடி அந்த விசையைத் தாங்காது. மேல்பட்டை உள்ள சைல்டு சீட் என்றால் அதை மாட்டும் கொக்கி அந்த சீட்டுக்குப் பின்னால் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு குழப்பம் திசை பற்றியது. ஆர்129 என்ற ஐ.நா. சைல்டு சீட் விதிப்படி தயாரான சைல்டு சீட்டில் 15 மாதம் முடியும்வரை குழந்தை வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். அதற்காக வேன் சீட்டையே பின்பக்கமாகத் திருப்பிவிடக் கூடாது. வேன் சீட் முன்னோக்கியே இருக்கும்; சைல்டு சீட் மட்டும்தான் அதன்மேல் பின்னோக்கி அமரும். திருப்பிப் போட்ட வேன் சீட்டில் சைல்டு சீட் வைக்க வண்டியின் கையேடும் சைல்டு சீட்டின் கையேடும் இரண்டுமே அனுமதித்தால் ஒழிய வைக்காதீர்கள்.

குழந்தையின் இடம் முடிவானால் பக்கத்திலேயே ஒரு பெரியவர் இடம். அடுத்து ஸ்லைடிங் கதவுக்கு வழி: கடைசி வரிசையில் இருப்பவர், யாரையும் எழுப்பாமல் வெளியே வர முடிய வேண்டும். அவசரத்தில் இதுதான் கைகொடுக்கும்.

படுக்கை கடைசியில். பின் சீட்டை முழுதாக விரித்தால் எதுவரை வரும் என்று தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். நடு சீட் அந்தக் கோட்டைத் தாண்டினால் ராத்திரியில் ஒவ்வொரு முறையும் அதை நகர்த்தியாக வேண்டும். விரித்த படுக்கையில் யாரையும் படுக்க வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, தூங்கும் குழந்தையானாலும் சரி.

படி 3: வண்டியைத் தயார் செய்வது

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். சரிவில் நின்றால் ஸ்லைடிங் கதவு தானாக நகர்ந்து கையை நசுக்கும். வெளியே ஒரு பழைய போர்வையை விரித்து வையுங்கள். சைல்டு சீட், மேசை, கப் ஹோல்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கையேடு சொன்னால் ஹெட்ரெஸ்ட்டையும் கழற்றுங்கள்.

சீட்டுக்கு அடியில் வயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெல்ட் போடாததை எச்சரிக்கும் சென்சாருக்கோ சீட் சூடாக்கிக்கோ வயர் போகலாம். கையேடு சொல்லும் முறையில் மட்டும் இணைப்பைப் பிரியுங்கள். மஞ்சள் நிற இணைப்பு என்றால் பெரும்பாலும் அது ஏர்பேக் அல்லது மோதும்போது பெல்ட்டை இறுக்கும் கருவி சம்பந்தப்பட்டது. கை வைக்காதீர்கள்.

படி 4: கழற்றுவது

சீட்டின் முதுகை முன்னால் மடியுங்கள். மடித்தால் எடை நடுவில் சேரும், பிடிக்கவும் வாகாக இருக்கும். கொக்கி வகையில் லிவரை இழுத்துப் பின்கால்களைத் தூக்கி, முன்னால் சாய்த்து, முன்கொக்கியிலிருந்து விடுவிப்பது வழக்கமான முறை. ரெயில் வகையில், வெளியே எடுப்பதற்கென்று குறிப்பிட்ட இடத்துக்கு சீட்டை நகர்த்தினால்தான் அது மேலே வரும். வரவில்லை என்றால் இழுத்துப் போராடாதீர்கள். லாக் பாதி விடுபட்டிருக்கும், இல்லையென்றால் இடம் தப்பியிருக்கும்.

எடையைக் குறைத்து நினைக்க வேண்டாம். ஃபோக்ஸ்வேகன் மல்டிவேன் டி7-ல் எடை குறைத்துச் செய்த தனி சீட்டே 23 முதல் 29 கிலோ வரை வரும். இரண்டு, மூன்று பேர் அமரும் பெஞ்ச் சீட் அதைவிட எவ்வளவோ கனம். இருவர் சேர்ந்து தூக்குங்கள்: ஒருவர் வண்டிக்குள், ஒருவர் வெளியே. முழங்காலை மடித்து, சீட்டை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். இடுப்பைத் திருப்பாமல் கால் எடுத்து வைத்துத் திரும்புங்கள். பெல்ட்டைப் பிடித்தோ பிளாஸ்டிக் மூடியைப் பிடித்தோ தூக்கக் கூடாது.

படி 5: ரெயிலைச் சுத்தம் செய்வது

இதைத் தாண்டிப் போய்விடத் தோன்றும். போகாதீர்கள். மணல், பிஸ்கட் துண்டு, ஒரு சின்ன நாணயம் போதும், லாக் கடைசி சில மில்லிமீட்டர் இறங்காமல் நிற்க. வாக்குவம் கிளீனரின் ஒல்லி முனையால் உறிஞ்சி, பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். கையேடு சொல்லாமல் எண்ணெயோ கிரீஸோ போட வேண்டாம். அது தூசியைப் பிடித்து வைக்கும்.

படி 6: மாட்டுவது, சோதிப்பது

முன்கொக்கியை முதலில் உட்கார வைத்து, பின்பக்கத்தை இறக்கி அழுத்துங்கள். ‘டக்’ என்ற சத்தம் கேட்கும். நான் சத்தத்தை மட்டும் நம்புவதில்லை. நான்கு காலில் மூன்று லாக் ஆனாலும் அதே சத்தம் வரும்.

பாதி லாக் ஏன் இவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு கணக்கு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி 60 செ.மீ. தூரத்துக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப்போல சராசரியாக 16 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 25 கிலோ சீட் 400 கிலோவாக இழுக்கும். அதில் உட்கார்ந்திருப்பவர் தனி. ஐக்கிய நாடுகளின் வாகன விதி 14, கார் வகை வாகனங்களில் மூன்று முனை பெல்ட்டின் தோள் பகுதியையும் இடுப்புப் பகுதியையும் ஒரே நேரத்தில் தலா 13.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 1,370 கிலோ எடைக்குச் சமமான விசையால் இழுத்துச் சோதிக்கச் சொல்கிறது. பெல்ட் சீட்டோடு சேர்ந்திருந்தால் சீட் எடையின் 20 மடங்கும் கூடச் சேரும். நான்கு கால்களும் முழுதாகப் பிடித்திருந்தால்தான் அந்த வலிமை உங்களுக்குக் கிடைக்கும்.

அதனால் ஒவ்வொரு காலையும் டார்ச் அடித்துக் கண்ணால் பாருங்கள். லாக் ஆனதைக் காட்டும் அடையாளம் இருந்தால், அதில் சிவப்பு துளியும் தெரியக் கூடாது. பிறகு சீட்டை இரண்டு கையாலும் முன்னே, பின்னே, மேலே, பக்கவாட்டில் பலமாக இழுத்துப் பாருங்கள். முதுகை நிமிர்த்தி லாக் செய்து, ஹெட்ரெஸ்ட்டைத் திரும்ப மாட்டி, பெல்ட்டை முழுதாக இழுத்து விடுங்கள். முறுக்கில்லாமல் உள்ளே போக வேண்டும். வயர் இணைத்து, சாவி போட்டு, எச்சரிக்கை விளக்கு ஏதும் எரிகிறதா என்று பாருங்கள். கடைசியில் சைல்டு சீட்.

படி 7: முன் சீட்டைத் திருப்புவது

சுழலும் முன் சீட்டு இருந்தால் வண்டி நிற்கும்போது மட்டும் உள்பக்கம் திருப்புங்கள். கதவைத் திறந்து, சீட்டின் முதுகை நிமிர்த்திக்கொண்டால் இடிக்காது. சில வண்டிகளில் ஓட்டுநர் சீட்டைத் திருப்ப ஹேண்ட்பிரேக் லிவரை இறக்க வேண்டியிருக்கும். அப்போது கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுத்தான் இறக்க வேண்டும். கிளம்பும் முன் சீட் முன்னோக்கி லாக் ஆகியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

படி 8: கழற்றிய சீட்டும் எடையும்

வெளியே எடுத்த சீட்டை அதன் லாக் கால்கள் மேல் நிறுத்தாதீர்கள். மெதுவாகச் சாய்த்து வையுங்கள். ஈரமில்லாத இடத்தில் துணியால் மூடி, மேலே எதையும் அடுக்காமல் வையுங்கள். மாட்டாத சீட்டைச் சாமானோடு சாமானாக வண்டிக்குள் போட்டுக்கொண்டு போகவே கூடாது.

சீட் போன இடத்தில் சாமான் ஏற்றினால், வண்டியின் மொத்த எடையும் பின்அச்சு எடையும் பதிவு ஆவணத்தில் உள்ள வரம்புக்குள் இருக்கிறதா என்று எடைமேடையில் பார்த்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும்போதே பாருங்கள். 50 லிட்டர் என்றால் 50 கிலோ. சீட் எண்ணிக்கையும் ஆவணத்தில் உள்ளதைத் தாண்டக் கூடாது.

குடும்பத்தை ஏற்றும் முன் தெருவைச் சுற்றி ஒரு சின்ன ஓட்டம் ஓட்டுங்கள். கடகட சத்தம் வந்தால் நிறுத்தி, அந்த சீட்டை எடுத்து, ரெயிலைத் துடைத்து, மறுபடி மாட்டுங்கள். சத்தம் இல்லாவிட்டாலும் திரும்பி வந்ததும் நான்கு கால்களையும் இன்னொரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள்.