ஜப்பான்ல வீடு எடுத்தாச்சா? முதல்ல குப்பை போட கத்துக்கோங்க

புதுசா வர்றவங்க எல்லாரும் மொழிய நெனச்சுதான் பயப்படுவாங்க, நான் சொல்றேன், முதல்ல குப்பை காலண்டர வாங்குங்க. அட்ரஸ் பதிவு பண்ண முனிசிபல் ஆபீஸ் போகும்போதே கேட்டா குடுப்பாங்க, ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிடுங்க. எரியிற குப்பை பெரும்பாலும் வாரத்துக்கு 2 நாள், மத்ததுக்கெல்லாம் வேற வேற கிழமை, ஊருக்கு ஊர் ரூல் மாறும். தொகுஷிமா மாகாணத்துல கமிகாட்சுன்னு ஒரு சின்ன ஊர், அங்க 40க்கும் மேற்பட்ட வகையா பிரிக்கிறாங்க!

பெட் பாட்டில்னா, அதாவது தண்ணி, கூல்டிரிங்க்ஸ் வர்ற பிளாஸ்டிக் பாட்டில்னா, மூடிய கழட்டி, லேபிள உரிச்சு, கழுவிட்டுதான் போடணும். லேபிள்ல புள்ளி புள்ளியா ஒரு கோடு இருக்கும் பாருங்க, அத புடிச்சு இழுத்தா சர்ருனு வந்துடும். இது தெரியாம நான் அப்படியே வெச்சேன், வண்டி வந்து எல்லா பையையும் எடுத்துட்டு என்னோடத மட்டும் ஸ்டிக்கர் ஒட்டி விட்டுட்டு போயிடுச்சு, பக்கத்து வீட்டு பாட்டிதான் உக்காந்து ஒவ்வொண்ணா உரிச்சு காட்டினாங்க, அந்த பொறுமைய மறக்கவே முடியாது.

ராத்திரியே வெச்சுடாதீங்க, காலைல வைங்க, நிறைய இடத்துல 8 மணிதான் கெடு. குப்பை பை மேல போர்த்துற வலைய நல்லா இழுத்து மூடுங்க, அங்க காக்கா பயங்கர கெட்டி, ஓரமா இடம் கெடச்சா போதும் ரோடு பூரா எறச்சிடும்.

சோபா, கட்டில் மாதிரி பெருசுக்கெல்லாம் போன்லயோ நெட்லயோ புக் பண்ணி, கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல அதுக்கான கட்டண ஸ்டிக்கர் வாங்கி ஒட்டணும். டிவி, ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் இதுல சேராது, 2001ல இருந்தே அதுக்கு தனி சட்டம், தூக்கிப் போடும்போது ரீசைக்கிள் காசு நாமதான் கட்டணும், அதனால யாராச்சும் பழைய டிவி சும்மா தர்றேன்னா யோசிச்சு வாங்குங்க.