பிளெக்கோ ஒளிந்தே கிடந்ததற்குக் காரணம் மணலில் இருந்தது

பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோ என்னும் தென்னமெரிக்கக் கெளுத்தி இயல்பிலேயே கூச்சமுள்ளது. பகலில் ஒளிந்து இரவில் மேயும். ஆனால் மண்டபம் என்னும் கடலோர ஊரில் எங்கள் வீட்டுத் தொட்டியில் விட்ட மீனோ விளக்கை அணைத்த பிறகும் வெளியே வராமல், வடிகட்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு, செவுளை வேகமாக அசைத்தபடி 12 நாள்கள் கிடந்தது. வயிறு உள்ளொடுங்கியிருந்தது.

வெள்ளரித் துண்டு, வேகவைத்த சுரைக்காய், மாத்திரைத் தீனி என மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மருந்தும் ஊற்றினேன்; தண்ணீர் நீலமானதுதான் மிச்சம்.

பிறகு குழாய்த் தண்ணீரின் மேல் சந்தேகம் வந்து, தொட்டித் தண்ணீரில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு, பிடித்து வைத்திருந்த மழைநீரை ஊற்றினேன். அப்போதுதான் ஒரு விநோதத்தைக் கவனித்தேன்: மாற்றிய அன்று 7-ஐ ஒட்டியிருந்த பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும்) அளவு, மூன்றாம் நாள் மீண்டும் 8-க்கு ஏறியிருந்தது. வெளியிலிருந்து ஏதும் சேராமல் ஏறுகிறதென்றால், ஏற்றும் பொருள் தொட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அடியில் பரப்பியிருந்தது கடற்கரை மணல். உப்புப் போக ஏழு முறை அலசியிருந்ததால் அதை நான் சந்தேகிக்கவே இல்லை. ஒரு கரண்டி மணலை உலர்த்தி வினிகர் விட்டபோது சோடாவைப் போல நுரைத்தது. உப்புப் போயிருந்தாலும் மணலில் கலந்திருந்த சிப்பித் தூளில் உள்ள கால்சியம் கார்பனேட் போகவில்லை. அது கரைந்து நீரைக் கடினமாக்கி பிஎச் அளவையும் ஏற்ற, நான் தண்ணீரை மாற்றி மாற்றி அந்த அளவை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

மணலை முழுவதும் அள்ளிவிட்டு, வினிகரில் நுரைக்காத ஆற்று மணலைப் பரப்பி, ஒரு மரக்கட்டையும், மீனின் உடல் மட்டும் நுழையும் அகலத்தில் ஒரு மண்குழாய்த் துண்டும் வைத்தேன். தண்ணீரை வாரம் கால் பங்குக்கு மேல் மாற்றவில்லை. ஐந்தாம் இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது, வெள்ளரித் துண்டின் சதை முழுவதும் தின்னப்பட்டு, பச்சைத் தோல் வளையம் மட்டும் கிடந்தது.