பசுமைக் கட்டடத்தில் மின்கட்டணம் குறையவில்லையா? ஞாயிறு இரவைப் பாருங்கள்

பழைய மாமல்லபுரம் சாலையில் நான் பராமரிக்கும் ஏழு மாடி அலுவலகம் பசுமைச் சான்றிதழ் பெற்றது. ஆயினும் அதன் மின்கட்டணம் சாதாரணக் கட்டடங்களின் கட்டணத்துக்குக் குறைவாக இல்லை. காரணத்தைத் தேடி நான் சென்ற வழியையே இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: ஓராண்டில் செலவான யூனிட்டுகளை, வாகன நிறுத்தம் நீங்கலான பரப்பால் (சதுர மீட்டரில்) வகுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எரிசக்தித் திறன் பணியகம் அலுவலகங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு வழங்கும்போது பார்ப்பது இந்த எண்ணைத்தான். ஆண்டுக்காண்டு ஒப்பிட இது உதவும். மின்சாரம் எங்கே வீணாகிறது என்பதைச் சொல்லாது.

இரண்டாம் படி: மீட்டரிலிருந்து அரைமணி நேரப் பதிவுகளை எடுத்து, ஞாயிறு இரவு 2 மணிச் சுமையை வேலைநாளின் பகல் 3 மணிச் சுமையோடு ஒப்பிடுங்கள். எங்கள் கட்டடத்தில், ஆளே இல்லாத அந்த நேரத்திலும் பகற்சுமையில் மூன்றிலொரு பங்கு ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் படியில்தான் நான் இரண்டு வாரங்களை இழந்தேன். பி.எம்.எஸ். (கட்டடத்தின் கருவிகளைக் கட்டுப்படுத்தும் கணினி அமைப்பு) திரையில் எல்லா ஏ.எச்.யூ.க்களும் (குளிர்ந்த காற்றை மாடிகளுக்கு அனுப்பும் விசிறி இயந்திரங்கள்) 'ஆஃப்' என்றே காட்டின, நானும் நம்பிவிட்டேன். திரை காட்டியது அது அனுப்பிய கட்டளையை மட்டுமே, விசிறி உண்மையில் நின்றதா என்பதை அன்று. என்றோ ஒரு பழுதின்போது மூன்று பேனல்களில் செலக்டர் ஸ்விட்சை 'மேனுவல்' பக்கம் திருப்பிய டெக்னீஷியன், மறுபடி 'ஆட்டோ'வுக்குக் கொண்டுவர மறந்திருக்கிறார். ஆகவே இரவில் ஒவ்வொரு ஏ.எச்.யூ. அறைக்கும் நேரில் சென்று, கிளாம்ப் மீட்டரை (கம்பியைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) மோட்டாருக்குச் செல்லும் ஒற்றை ஃபேஸ் கம்பியில் மாட்டிப் பாருங்கள்; முழுக் கேபிளையும் சேர்த்துக் கவ்வினால் அளவு காட்டாது. விலையுயர்ந்த டாஷ்போர்டு மென்பொருளைவிட இந்தச் சிறு கருவியையே நான் நம்புகிறேன். பின்னர், மோட்டார் மின்னோட்டத்தை உணரும் ரிலே ஒன்றைப் பொருத்தி, அதன் சமிக்ஞையைத் திரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

நான்காவதாக, வி.எஃப்.டி. (விசிறி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வேகங்களைப் பாருங்கள். விசிறியின் மின்தேவை வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தை 80 விழுக்காடாக்கினால் தேவை ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆனால் குழாயின் காற்றழுத்தத்தைக் கொண்டு வேகம் கட்டுப்படுத்தப்படும் இடங்களில், ஃபில்டர் அடைத்துக்கொண்டால் வி.எஃப்.டி. சத்தமில்லாமல் வேகத்தைக் கூட்டி ஈடுசெய்யும். அறையில் எவருக்கும் குறை தெரியாது, கட்டணத்தில்தான் தெரியும்.

இறுதியாக, சில்லரிலிருந்து (ஏ.எச்.யூ.க்களுக்குக் குளிர்நீர் தரும் இயந்திரம்) வெளிவரும் நீரின் வெப்பநிலை. வழக்கமான 7 டிகிரியை 8 அல்லது 9 ஆக உயர்த்தினால் கம்ப்ரஸரின் பளு குறையும். சென்னையில் ஜனவரியில் இதைத் தயங்காமல் செய்யலாம்; வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றில் செய்தால் ஈரப்பதம் ஏறி, புழுக்கமென்று எல்லா மாடிகளிலிருந்தும் புகார் வரும்.

பிற்சேர்க்கை: இரவில் எல்லாவற்றையும் நிறுத்தியதும் சர்வர் அறை சூடேறியதாக வாசகர் ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். சர்வர், யு.பி.எஸ். அறைகள் மைய ஏ.எச்.யூ.வையே நம்பியிருந்தால், அவற்றுக்குத் தனி ஏ.சி. வைத்த பிறகே இரண்டாம், மூன்றாம் படிகளில் கண்டவற்றை நிறுத்துங்கள். அந்த ஓர் அறைக்காகச் சில்லர் முழுவதையும் இரவெல்லாம் ஓட்டுவதைவிட அது மலிவு.