செவில் 24-ஆம் செஸ் ஆட்டத்தை வீட்டுப் பலகையில் ஆடிப் பார்ப்பது எப்படி

நான் தையல்காரன். மதுரை புது மண்டபத்தில் மெஷின் போட்டிருந்தேன், இப்போது குன்னத்தூர் சத்திரம். கடை அடைக்கிற நேரத்தில் பக்கத்துக் கடைக்காரரோடு செஸ். வருஷக் கடைசியில் கணக்குப் பார்ப்போம். போன வருஷம் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால்தான் எனக்குச் சமன். ஐந்தாவது மூவிலேயே ராணியை இறக்கினேன். கால் மணி நேரத்தில் கதை முடிந்தது. "துணி வெட்டுறப்ப மட்டும் எவ்வளவு பொறுமை அண்ணே உங்களுக்கு!" என்றார்.

அப்புறம்தான் இந்த ஆட்டத்தைத் தேடி எடுத்தேன். கார்போவும் காஸ்பரோவும் உலக செஸ் பட்டத்துக்காக ஐந்து மேட்ச், 144 ஆட்டம் மோதியவர்கள். கடைசி மேட்ச் 1990-இல்தான். ஆனால் படிக்க வேண்டியது 1987 டிசம்பர், ஸ்பெயினின் செவில். 23-ஆவது ஆட்டத்தில் காஸ்பரோவ் கணக்குத் தப்பித் தோற்று, 12-11 என்று கார்போவ் முன்னால். டிரா செய்தாலே பட்டம் அவருக்கு. காஸ்பரோவ் ஜெயித்தே ஆக வேண்டும்; ஜெயித்தால் சமன், சமன் என்றால் பட்டம் ஏற்கெனவே சாம்பியனான அவரிடமே தங்கும்.

மூவ் பட்டியலை அச்செடுத்து, மேலே ஒரு அட்டையை வைத்து மறையுங்கள். காஸ்பரோவின் வெள்ளை உங்களுடையது. ஒவ்வொரு மூவையும் ஊகித்து எழுதிவிட்டு, பிறகு அட்டையை ஒரு வரி இறக்குங்கள். என் செட்டில் ஒரு வெள்ளைச் சிப்பாய் தொலைந்துபோனது. அந்த இடத்தில் சட்டைப் பட்டன். அதை வெள்ளையின் இடது ஓரச் சிப்பாய் நிற்கும் கட்டமான ஏ2-இல் வைப்பேன், காரணம் பின்னால் வரும்.

முதல் நாள் 28 மூவ் போதும். 11 மூவ் வரை ஒரு காய்கூட வெட்டுப்படவில்லை. வெள்ளை ராணி அசைவதே 12-ஆவதில்! இதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. முட்டி மோதாமல், காய்களைப் பலகையில் வைத்துக்கொண்டு எதிராளியை யோசிக்க விட்டிருக்கிறார்.

இரண்டாம் நாள்தான் ருசி. 40 மூவுக்கு ஆளுக்கு இரண்டரை மணி நேரம். கார்போவிடம் நேரம் கரைந்துகொண்டிருந்தது. 29-இல் பட்டன் ஏ4-க்குப் போகிறது, 31-இல் கறுப்புக் குதிரை அதைத் தின்கிறது. 32-ஐப் பார்த்ததும் அட்டையை நகர்த்தாதீர்கள். 33-ஆவது மூவுக்கு முழுசாக அரை மணி நேரம் உட்காருங்கள். காஸ்பரோவ் ராணியை டி1-க்கு இழுத்தார். ராணியைப் பி5-இல் வைப்பது இன்னும் வலுவானது, அவரும் தவறவிட்டார். பதிலுக்குக் கார்போவ் குதிரையை ஈ7-இல் வைத்தது பெரிய பிழை. டி8-இல் ராணி செக், அடுத்து குதிரை எஃப்7 சிப்பாயைத் தூக்குகிறது. 40-ஆவது மூவில் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல்.

அன்று ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. சரி, நீங்களும் பலகையை அப்படியே மூடி வைத்துத் தூங்குங்கள்.

மூன்றாம் நாள் துணைக்கு ஆள் வேண்டும். ராணியும் மந்திரியும் உங்களுக்கு, ராணியும் குதிரையும் அவருக்கு. பட்டியலைப் பார்க்காமல் ஆடுங்கள். கார்போவ் 64-ஆவது மூவில் கைவிட்டார், 12-12, பட்டம் காஸ்பரோவிடமே. பக்கத்துக் கடைக்காரரோ என்னிடம் மூன்று இரவு டிரா பிடித்துவிட்டார். நாலாவது இரவு பட்டனைக் காணோம், அவர் ஏதோ சட்டையில் தைத்துக் கொடுத்துவிட்டிருந்தார்.