ஆசைக்குப் படிக்கும் நாவலும் பக்கத்தில் ஒரு நோட்ஸும்

பரீட்சைக்காக இல்லாமல், நம் விருப்பத்துக்கு ஒரு பெரிய நாவலை எடுக்கிறோம். அதற்குப் போய் மாணவர்களுக்கு எழுதிய நோட்ஸைப் புரட்டலாமா என்று சிலருக்குத் தயக்கம். தாராளமாகப் புரட்டலாம், நானும் பழைய நாவல்களை அப்படித்தான் படிக்கிறேன். நாவல் முன்னே போக வேண்டும், நோட்ஸ் பின்னால் வர வேண்டும், அவ்வளவுதான். இந்த வரிசை மாறினால் படிக்கிற சுகம் போய்விடும்.

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். 1866-இல் வந்தது. உள்ளே நுழைகிறவரை முதலில் திணறடிப்பது பெயர்கள். ரஸ்கோல்னிகோவ், ரோதியோன் ரொமானோவிச், ரோத்யா மூவரும் ஒரே ஆள், கதாநாயகன்தான். அவன் தங்கை துன்யாவை வெளியாட்கள் மரியாதையாக அழைத்தால் அவ்தோத்யா ரொமானோவ்னா. அப்பா பெயர் ரொமான், அதனால் மகன் ரொமானோவிச், மகள் ரொமானோவ்னா. இது பிடிபட்டாலே பாதி பாரம் இறங்கிவிடும். நோட்ஸில் இருக்கும் பாத்திரப் பட்டியல் இதற்குக் கைகொடுக்கும். ஆனால் ஜாக்கிரதை: யாருக்கு யாரோடு கல்யாணம், யார் சாகிறார் என்பதையெல்லாம் அந்தப் பட்டியலே போட்டு உடைத்துவிடுவதுண்டு. ஒவ்வொரு பெயருக்கும் முதல் வரியோடு நிறுத்தி, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நாவலுக்குள் செருகிவையுங்கள். பிறகு அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

காலப் பின்னணியை மட்டும் நாவலுக்கு முன்பே படித்துவிடலாம். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861-இல். கதை அதற்குச் சில ஆண்டுகள் கழித்து பீட்டர்ஸ்பர்க்கில் நடக்கிறது. குடிக்கடையில் மர்மெலாதோவ் என்கிற குடிகாரர் தன் உத்தியோகப் பதவியைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறார். 14 படிகள் கொண்ட அரசுப் பதவி வரிசையில் அது 9-வது. இது தெரிந்தவருக்கு, பொத்தானெல்லாம் உதிர்ந்த கோட்டில் மிச்சமிருக்கும் ஒரே பொத்தானை அவர் விடாமல் போட்டிருப்பது சுருக்கென்று தைக்கும்.

அத்தியாய விளக்கம், கருப்பொருள், குறியீடு இதெல்லாம் கட்டாயம் பிறகுதான். முதல் பாகம் 5-ஆம் அத்தியாயத்தில் ரஸ்கோல்னிகோவ் ஒரு கனவு காண்கிறான். கனவில் அவனுக்கு ஏழு வயது இருக்கும். குடிபோதையில் ஒரு கும்பல் நோஞ்சான் குதிரை ஒன்றை அடித்தே கொல்கிறது. சிறுவன் ஓடிப்போய் ரத்தம் வழியும் அதன் தலையைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான். அப்புறம் சின்னக் கைகளை முறுக்கிக்கொண்டு அடித்தவன் மேலேயே பாய்கிறான். ‘வரப்போகும் கொலைக்கு இது முன்னறிகுறி’ என்று நோட்ஸ் சொல்லும். தப்பில்லை. ஆனால் அதை முதலில் படித்துவிட்டால் நீங்கள் அறிகுறியைத்தான் தேடுவீர்கள், அந்தப் பிள்ளை கண்ணில் படமாட்டான்.

அதனால் அத்தியாயம் முடிந்ததும் உங்களை உலுக்கியது எது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். எனக்கு அந்தக் கனவில் அப்பாதான். குடிகாரர்கள் விவகாரம், நமக்கென்ன என்று மகனை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார். அந்த வரியை எழுதின பிறகு நோட்ஸைத் திறங்கள். அதில் வேறு மாதிரி இருந்தால் உங்கள் வரியை அடித்துவிடாதீர்கள். நாவலில் அதே பக்கத்துக்குத் திரும்பிப் போய், இரண்டையும் மனதில் வைத்து மறுபடி படியுங்கள். நோட்ஸால் கிடைக்கும் பெரிய லாபம் இந்த இரண்டாம் வாசிப்புதான்.

நடுவில் சில வாரம் விட்டுப்போனால், நிறுத்தின இடம் வரைக்கும் கதைச் சுருக்கத்தைப் படித்துக்கொள்ளலாம். அடுத்த அத்தியாயத்தின் சுருக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மாதிரி வினாக்களைத் தாண்டிப் போகலாம். கூட ஒருவர் அதே நாவலைப் படித்தால் மட்டும், பேச்சை ஆரம்பிக்க ஒன்றிரண்டு உதவும்.

இன்னொன்று. நோட்ஸின் அத்தியாய எண்ணும் உங்கள் புத்தகத்தின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று தொடக்கத்திலேயே பாருங்கள். ‘குற்றமும் தண்டனையும்’ ஆறு பாகங்களும் ஒரு பின்னுரையும் கொண்டது. சுருக்கத்தில் வருகிற சம்பவம் உங்கள் பிரதியில் காணோம் என்றால், கையில் இருப்பது சுருக்கப் பதிப்பாக இருக்கலாம். அப்படியானால் முழுப் பதிப்பைத் தேடி எடுத்துவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.