கருக்கலிலேயே தொடங்குங்கள்: இருட்டில் படம் எடுக்கும் முறை

இரவுப் படம் என்று நாம் வியந்து பார்ப்பவற்றில் பல, இரவில் எடுத்தவையே அல்ல. சூரியன் மறைந்தபின், வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் கருக்கல் பொழுதில் எடுத்தவை. முழு இருட்டில் வானம் வெறும் கறுப்பாகப் பதியும். கட்டடத்தின் விளிம்பும் மரத்தின் உச்சியும் அந்தக் கறுப்பில் கரைந்துபோகும், விளக்குகள் மட்டும் வெளுத்த பொட்டுகளாக நிற்கும். கருக்கலில் வானத்தின் ஒளியும் விளக்கின் ஒளியும் ஒன்றுக்கொன்று ஈடாக வரும் ஒரு சிறு பொழுது உண்டு. பெரும்பாலும் பத்து நிமிடம்தான். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்.

அந்தப் பொழுது எப்போது வரும்?

சூரியன் தொடுவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 4 முதல் 6 பாகை வரை இறங்கியிருக்கும்போது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால் 6 பாகையைத் தொட 20 முதல் 25 நிமிடம் போதும். அதனால் மறைந்த பதினைந்தாவது நிமிடத்திலிருந்தே விழிப்பாக இருக்க வேண்டும். துருவங்களை நோக்கிப் போகப் போகச் சூரியன் சாய்வாக இறங்கும். அங்கே கருக்கல் நெடுநேரம் நீளும், அவசரம் குறைவு. விடியலிலும் இதே ஒளி தலைகீழ் வரிசையில் வரும். ஆனால் வீட்டு விளக்குகள் அணைந்திருக்கும்.

ஒரே மாலையில் இரண்டு படம் எடுக்க வழியுண்டு. கிழக்கு வானம் முதலில் இருளும், மேற்கு வானம் கடைசிவரை வெளிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் கிழக்கு பார்த்து எடுத்துவிட்டுப் பிறகு மேற்கே திரும்புங்கள். வரிசையை மாற்றினால் கிழக்குப் படம் கறுத்துப் போயிருக்கும்.

வெளிச்சம் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

சூரியன் மறைவதற்கு அரைமணி நேரம் முன்பாவது இடத்துக்குப் போய்விடுங்கள். ட்ரைபாடின் கால்களில் தடித்த பகுதியை முதலில் நீட்டுங்கள், மெலிந்த பகுதியைக் கடைசியில். நடுத்தண்டை ஏற்றாதீர்கள்; ஏற்றிய தண்டு சிறு காற்றுக்கும் ஆடும். கொக்கியில் பையை மாட்டுவதென்றால் பை தரையைத் தொட்டபடி இருக்கட்டும், ஊஞ்சலாடும் பை ட்ரைபாடையும் சேர்த்து ஆட்டும். வண்டிகள் ஓடும் பாலத்தின்மேல் எந்த ட்ரைபாடும் அசையாமல் நிற்காது. அங்கே வண்டி போனபின் உள்ள இடைவெளியில்தான் அழுத்த வேண்டும்.

கை நடுக்கத்தை ஈடுகட்ட லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். அசைவே இல்லாத இடத்தில் அது அசைவைத் தேடித் தானே ஒரு நடுக்கத்தை உண்டாக்கக்கூடும். லென்ஸின் முன்னால் மாட்டிய யு.வி. ஃபில்டரையும் கழற்றுங்கள். தெருவிளக்கின் ஒளி அந்தத் தட்டைக் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் இடையே எதிரொளித்து, படத்தில் தலைகீழான பச்சைப் புள்ளிகளாக விழும். பின்னால் திருத்த உட்கார்ந்தால் ஒவ்வொரு புள்ளியாக அழிக்க வேண்டிவரும்.

அடுத்தது ஃபோகஸ். லைவ் வியூவில் (கேமராத் திரையில் நேரடியாகத் தெரியும் காட்சி) 10 மடங்கு பெரிதாக்கி, தொலைவில் உள்ள ஒரு விளிம்பையோ விளக்கையோ கூராக்குங்கள். விளக்கு மிகச் சிறிய புள்ளியாகத் தெரியும் இடம்தான் சரியான இடம். பிறகு மேனுவலுக்கு மாற்றி, வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை (∞) மட்டும் நம்ப வேண்டாம். பல லென்ஸ்கள் அந்தக் குறியையும் தாண்டிச் சுழலும். ஜூம் லென்ஸில் ஜூமை மாற்றினால் ஃபோகஸும் நகரக்கூடும், மறுபடி பாருங்கள்.

எக்ஸ்போஷர்

படத்தில் பதியும் ஒளியின் அளவுதான் எக்ஸ்போஷர். மேனுவல் மோடு (அளவுகளை நாமே வைப்பது), ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) 100, எஃப்/8 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் கூடினால் திறப்பு சிறுக்கும்). இங்கிருந்து தொடங்கி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் போதும். ஷட்டரைக் கையால் அழுத்தாமல் 2 விநாடி டைமரோ ரிமோட்டோ வையுங்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம் வெளிச்சம் சுமார் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 1 விநாடியில் சரியாக வந்த படத்துக்குச் சிறிது நேரத்தில் 2 விநாடி வேண்டும், பிறகு 4, பிறகு 8. பழைய அளவிலேயே எடுத்துக்கொண்டிருப்பதுதான் தொடங்குபவர்கள் செய்யும் பொதுவான தவறு. நல்ல பொழுது வரும்போது ஷட்டர் பெரும்பாலும் 4 முதல் 15 விநாடிக்குள் இருக்கும்.

கேமராத் திரை இருட்டில் ஏமாற்றும். கண்மணி விரிந்திருப்பதால் மங்கலான படமும் பளிச்சென்று தெரியும், வீட்டுக்கு வந்து பார்த்தால் கறுத்துக் கிடக்கும். திரையின் ஒளியைக் குறைத்துவிட்டு ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருளும் ஒளியும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். பல்பின் நடுப்பகுதி வெளுத்துப் போனால் கவலையில்லை. பெயர்ப்பலகை எழுத்து படிக்க முடியாமல் போனால்தான் ஷட்டரைக் குறைக்க வேண்டும். இருண்ட பகுதிக்கும் பளிச்சென்ற பகுதிக்கும் ஒரே அளவு ஒத்துவராவிட்டால் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இருமடங்காக்குவது அல்லது பாதியாக்குவது) குறைத்து ஒன்று, சரியான அளவில் ஒன்று, 2 ஸ்டாப் கூட்டி ஒன்று என்று மூன்று எடுத்து வைத்து, பிறகு இணைத்துக்கொள்ளலாம்.

ரா (RAW) வடிவில், அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாக எடுங்கள். நிறச் சாயலைக் கேமரா தானே சரிசெய்யும் ஆட்டோ வைட் பேலன்ஸ் கருக்கலின் நீலத்தைப் பல சமயம் சாம்பலாக்கிவிடும். வைட் பேலன்ஸை நாமே 3500 முதல் 4200 கெல்வினுக்குள் வைத்தால் வானம் நீலமாகவும் விளக்குகள் இதமான மஞ்சளாகவும் நிற்கும். அந்த நீலம் வெறும் தோற்றமல்ல. வளிமண்டலத்தில் சாய்வாக நெடுந்தூரம் கடந்து வரும் ஒளியில் ஆரஞ்சையும் சிவப்பையும் ஓசோன் உறிஞ்சிவிடுவதால் வருவது. அதைத் திருத்தி அழிப்பது வீண்.

விளக்கைச் சுற்றி நட்சத்திரக் கதிர் வேண்டுமென்றால் எஃப்/11 முதல் எஃப்/16 வரை போகலாம். லென்ஸின் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு) இதழ்கள் இரட்டைப்படையானால் அதே எண்ணிக்கையில் கதிர் வரும். ஒற்றைப்படையானால் இருமடங்கு, 9 இதழுக்கு 18 கதிர். எஃப்/16ஐத் தாண்டினால் படம் முழுவதும் கூர்மை குறையும்.

முழுதாக இருட்டியபின்

30 விநாடிக்கு மேல் போகப் பல கேமராக்களில் பல்ப் மோடும் (ஷட்டரை நாம் விரும்பும் வரை திறந்து வைக்கும் மோடு) ரிமோட்டும் தேவை. நீண்ட நேரம் காத்திருந்து எடுத்த படம் கோணலாக இருந்தால் அந்த நேரம் வீண். அதனால் முதலில் ஐ.எஸ்.ஓ. 6400ல் 1 விநாடிக்கு ஒரு சோதனைப் படம் எடுங்கள். அதே வெளிச்சத்துக்கு ஐ.எஸ்.ஓ. 100ல் 64 விநாடி வேண்டும். சட்டகமும் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் ஒரே நொடியில் தெரிந்துவிடும். நீண்ட நேரப் படங்களில் மணல்போல் விழும் புள்ளிகளைக் (நாய்ஸ்) குறைக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் இயங்கினால், 30 விநாடிப் படத்துக்குப் பிறகு இன்னொரு 30 விநாடி கேமரா தானே மூடிய ஷட்டருடன் எடுக்கும். பழுதென்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். கருக்கலின் பத்து நிமிடத்தில் மட்டும் அதை நிறுத்தி வைப்பது நல்லது, பாதி நேரத்தை அதுவே தின்றுவிடும்.

வண்டி விளக்குகளின் ஒளிக்கோடுகளுக்கு எஃப்/11, ஐ.எஸ்.ஓ. 100, 10 முதல் 20 விநாடி. வளைந்து செல்லும் சாலை நேர்ச்சாலையைவிட அழகாக வரும். வண்டி சட்டகத்துக்குள் நுழையும் முன்பே ஷட்டரைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் கோடு பாதியில் முளைத்ததுபோல் இருக்கும். நடுவில் பெரிய வண்டி ஒன்று நின்றுவிட்டால் கறுப்பு அட்டையால் லென்ஸை மறைத்துக்கொண்டு, அது போனதும் அட்டையை விலக்கிவிடுங்கள். நிற்குமிடம் நடைபாதையாக இருக்கட்டும், சாலையில் ட்ரைபாட் வைக்கவே கூடாது.

நிலவைப் படமெடுக்கும்போது பலரும் அதை வெள்ளை வட்டமாக்கிவிடுவார்கள். நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை. பகல் படத்துக்கான அளவுதான் அதற்கும். முழுநிலவுக்கு எஃப்/11, ஐ.எஸ்.ஓ. 100, 1/125 விநாடி. ஆனால் அந்த அளவில் தரை சுத்தமாகக் கறுத்துவிடும். நிலவும் நிலமும் சேர்ந்து வேண்டுமென்றால் பௌர்ணமிக்கு முந்தின நாள் போங்கள். அன்று நிலா சூரியன் மறைவதற்கு முன்பே எழுந்துவிடும், கருக்கலில் இரண்டும் ஈடாக நிற்கும். நிலவைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேகமும் கோபுர உச்சியும்கூட ஒரே படத்தில் பதியும்.

விண்மீன்களுக்கு நேர்மாறு, அமாவாசையை ஒட்டிய இரவு. எஃப்/2.8, ஐ.எஸ்.ஓ. 3200, 20 விநாடி. பூமி சுழல்வதால் நேரம் கூடினால் புள்ளிகள் கோடாகும். 500ஐ லென்ஸின் மி.மீ. அளவால் (குவியத் தூரம்) வகுத்தால் தோராயமான உச்ச விநாடி கிடைக்கும். 24 மி.மீ.க்கு 20 விநாடி. மெகாபிக்சல் அதிகமுள்ள கேமராக்களில் 500க்குப் பதில் 300 என்று கணக்கிடுங்கள். ஏ.பி.எஸ்-சி எனும் சிறிய சென்சார் என்றால் மி.மீ. அளவை முதலில் 1.5ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். கைவிளக்கு சிவப்பு ஒளியாக இருந்தால் அந்தப் பழக்கம் அதிகம் கெடாது.

கைபேசியிலும் இதையெல்லாம் ஓரளவு செய்யலாம். முதலில் லென்ஸைத் துடையுங்கள். விரல் எண்ணெய்தான் விளக்குகளைச் சுற்றிப் புகைபோல் பரவும் ஒளிக்குப் பெரிய காரணம். நைட் மோடு பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது, ஆகவே சுவரிலோ கல்லிலோ சாய்த்து அசையாமல் வைத்தால் பல கைபேசிகள் தாமாகவே கூடுதல் விநாடி எடுத்துக்கொள்ளும். பளிச்சென்ற விளக்கின்மேல் விரலை வைத்து எக்ஸ்போஷரைச் சற்றுக் கீழே இழுங்கள். ஃபிளாஷ் சில அடிக்கு மேல் எட்டாது, டிஜிட்டல் ஜூம் நாய்ஸைத்தான் பெரிதாக்கும்.

கடைசியாகப் பனி. குளிரூட்டிய அறையிலிருந்து ஈரக்காற்றுக்குள் வந்த லென்ஸில் ஆவி படியும், துடைக்கத் துடைக்க மறுபடி படியும். பையை மூடியபடியே வெளியில் அரைமணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். திறந்தவெளியில் நள்ளிரவு தாண்டி நின்றாலும் பனி இறங்கும். படம் காரணமில்லாமல் மங்கத் தொடங்கினால் செட்டிங்கைத் தொடும் முன் லென்ஸின் முகப்பை விளக்கடித்துப் பாருங்கள்.