பதினாறு குட்டி, இரண்டு தாய்: தாது உப்பு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு முதுகலை மாணவி தன் பன்றி ஆய்வைக் காட்டக் கூட்டிப்போனாள். இரண்டு அறை. ஒன்றில் துத்தநாகம் சேர்த்த தீவனம், மற்றதில் சாதாரணத் தீவனம். அறைக்கு எட்டுக் குட்டி. "இதுங்க எல்லாம் ஒரே தாயோட குட்டி மேடம், அதுங்க இன்னொரு தாயோடது. சண்டையே போடல" என்றாள் பெருமையாக. பல வருடங்களுக்கு முன்னால் நானும் இதே பெருமையோடு இப்படி நின்றிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

தராசைச் சரிபார்ப்பது, ஆய்வுக்கு முன் குடற்புழு நீக்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எல்லாக் கையேட்டிலும் இருக்கின்றன.

குழாய் மூடியின் நிறம்

கால்சியம் பார்க்க ஊதா மூடிக் குழாய் வேண்டாம். அதிலுள்ள இடிடிஏ என்ற ரசாயனம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் உறையாமல் இருப்பதே அதனால்தான்.

துத்தநாகம் என்றால் சாதாரண சிவப்பு மூடியும் ஆபத்து. ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கசியும். நுண்தாதுக்களுக்கென்றே கருநீல மூடியோடு குழாய் வருகிறது. விலை அதிகம்தான், வாங்குங்கள். அப்புறம், செவ்வணுவுக்குள் பிளாஸ்மாவைவிடப் பல மடங்கு துத்தநாகம் இருக்கிறது. குழாயைக் குலுக்கி, அணுக்கள் உடைந்து, சீரம் ரோஸ் நிறத்தில் வந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள்.

ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறதாம்

பசு தன் எலும்பைக் கரைத்தாவது அதைச் சரியாக வைத்துக்கொள்ளும். தீவனம் சரி என்று அதை வைத்து எழுதாதீர்கள்.

ஒரு தாய்க்கு ஒரு தீவனம்

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். என் ஆய்விலும் பதினாறு குட்டிகள்தான். வெவ்வேறு ஈற்றுக் குட்டிகளை ஒன்றாக விட்டால் கடித்துக்கொள்ளும் என்று பண்ணையில் சொன்னார்கள். சரி, வம்பு வேண்டாம் என்று ஒரு தாயின் எட்டுக் குட்டிகளுக்குத் துத்தநாகம், இன்னொரு தாயின் எட்டுக்கு வெறும் தீவனம். ஆறு வாரத்தில் துத்தநாக அறைக் குட்டிகள் பளபளவென்று வளர்ந்தன. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டேன், வித்தியாசம் தற்செயல் இல்லை என்று சொல்லும்படி பி வேல்யூ அழகாக வந்தது. ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, அந்த ரெண்டு தாயும் எத்தனாவது ஈத்து?"

பதிவேட்டைப் புரட்டினேன். துத்தநாகக் குட்டிகளின் தாய் மூன்றாம் ஈற்று. மற்றது முதல் ஈற்று, பால் குறைவு. துத்தநாக அறைக் குட்டிகள் தாயிடமிருந்து பிரிக்கும்போதே முந்திக்கொண்டு வந்தவை. தாயும் வேறு, தகப்பனும் வேறு, கருப்பையும் வேறு, பாலும் வேறு. இத்தனை வித்தியாசத்தையும் தூக்கித் துத்தநாகத்தின் கணக்கில் வரவு வைத்திருந்தேன். "உன் எண்ணிக்கை பதினாறு இல்லம்மா, ரெண்டு" என்றார். தீவனச் செலவும் ஒரு வருடமும் அதோடு போயின.

எரிச்சல் எதற்கென்றால், ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல் இதைச் சரியாகச் செய்திருக்கலாம். அதே பதினாறு குட்டிகளை எட்டுத் தாய்களிடமிருந்து, தாய்க்கு இரண்டாக எடுத்திருக்க வேண்டும். இரண்டும் ஆண் அல்லது இரண்டும் பெண், எடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். காசைச் சுண்டி ஒன்றைத் துத்தநாகத்துக்கும் மற்றதைச் சாதாரணத் தீவனத்துக்கும் அனுப்புங்கள். தாயின் வித்தியாசம் இரு பக்கமும் சமமாகிவிடும்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஓர் அறைக்கு ஒரு தொட்டியில் தீவனம் கொட்டினால், கணக்கில் அந்த அறைதான் ஒன்று. உள்ளே இரண்டு குட்டி இருந்தாலும் பத்து இருந்தாலும் ஒன்றுதான். எட்டு அறை கிடைத்தால் அறைக்கு இரண்டு குட்டி விடுங்கள், நாலுக்கு நாலு என்று ஒப்பிடலாம். சின்ன எண்தான், ஆனாலும் டி-டெஸ்ட் போட ஏதோ இருக்கிறது. சண்டையா? ஓரிரு நாளில் அடங்கிவிடும். காதில் கீறல் விழும், மருந்து தடவுங்கள்.

அதே காதைப் பிறந்தவுடன் வெட்டிக் குறித்தும் வையுங்கள். வலது காது வெட்டு எந்த ஈற்று என்று சொல்லும், இடது காது எந்தக் குட்டி என்று சொல்லும். சாயக் குறியை நம்பாதீர்கள். மூன்று நாளில் சாணியும் சேறும் எல்லாக் குட்டியையும் ஒரே நிறமாக்கிவிடும்.

சினை ஊசியின் காளை எண்

மாட்டிலும் இதே கதைதான், கண்ணில் படாது, அவ்வளவே. ஒரு கால்நடை மருந்தகத்தில் மாதக்கணக்கில் ஒரே காளையின் உறைவிந்து ஓடினால் அந்த ஊர்க் கலப்பினக் கிடேரிகளில் பாதி ஒரே தகப்பனுக்குப் பிறந்தவையாக இருக்கும். ஓர் ஊருக்குத் தாது உப்புக் கலவை கொடுத்து அடுத்த ஊரோடு ஒப்பிட்டால் நீங்கள் இரண்டு காளைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கலாம். விந்துக் குச்சியின் மேலேயே காளை எண் அச்சாகியிருக்கும். எழுதி வையுங்கள்.

பரம்பரை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஃப்ரீசியன் வழி மாடுகளில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எஸ்எல்சி39ஏ4 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் கன்றின் குடல் துத்தநாகத்தைச் சரியாக உறிஞ்சாது. வாயைச் சுற்றியும் காலிலும் தோல் தடித்துப் பொருக்குக் கட்டும். துத்தநாகத்தை அதிக அளவில் வாய்வழி கொடுத்தால் ஆறும், நிறுத்தினால் திரும்ப வரும். தீவனத்தை மட்டும் பார்ப்பவர் அந்தத் தீவனத்தைத்தான் திட்டுவார்.

ஒரே தீவனம், வேறு இனம்

ஒரே அளவு செம்பைத் தின்றாலும் ஹோல்ஸ்டீனைவிட ஜெர்சியின் கல்லீரலில் அதிகம் சேரும். இரண்டையும் கலந்து ஒரு சராசரி போடாதீர்கள். சீரம் செம்பையும் நம்பாதீர்கள். மடிநோய் வந்தாலே அது ஏறிவிடும். கையிருப்பு கல்லீரலில்தான்.

கட்டுப்பாட்டுத் தீவனத்தைப் பரிசோதிக்காமல் விடுவது

துத்தநாகம் போதாமல் பன்றிக்குத் தோல் தடித்து வெடிப்பதை 1955-ல் அமெரிக்காவில் டக்கர், சால்மன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். தீவனத்தில் கால்சியம் கூடினால் அது இன்னும் மோசமாகும். தவிட்டிலுள்ள பைட்டேட் என்ற பொருளும் துத்தநாகத்தைக் கட்டிப்போடும். ஆகவே, ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் சாதாரணத் தீவனத்தில், அதாவது கட்டுப்பாட்டுத் தீவனத்தில், துத்தநாகத்தை மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள்; கால்சியத்தையும் பைட்டேட்டையும் பாருங்கள்.

பழைய ஐரோப்பியக் கட்டுரையின் அளவு

துத்தநாக ஆக்சைடாகச் சேர்த்த 2500 பிபிஎம் (கிலோ தீவனத்துக்கு 2500 மில்லிகிராம்) துத்தநாகம் என்பது கழிச்சலைத் தடுக்கக் கொடுத்த மருந்தளவு. சிறு குட்டியின் தேவையே கிலோ தீவனத்துக்கு 100 மில்லிகிராம்தான். ஐரோப்பிய ஒன்றியம் அந்த மருந்தளவை 2022 ஜூனோடு நிறுத்திவிட்டது.

தண்ணீர்

ஆழ்துளைக் கிணற்று நீரில் சல்பேட்டும் இரும்பும் இருந்தால் இரண்டும் மாட்டுக்குச் செம்பு கிடைக்காமல் செய்யும். தீவனத்தை மூன்று முறை பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுத் தொட்டித் தண்ணீரை ஒரு முறைகூட அனுப்பாத ஆய்வேடுகள் என் மேசையில் இப்போதும் இரண்டு கிடக்கின்றன.